கால்சட்டை போட்ட கணினி

பேச்சாளனுக்கு எதிரி யார் என்று கேட்டால், எதிரணியில் அமர்ந்திருப்பவன் என்றுதான் உலகம் சொல்லும். உலகம் தவறாகச் சொல்கிறது. எதிரணிக்காரனும் நம்மைப் போன்ற ஒரு மனிதன். மணி அடித்தால் அவனும் இறங்கித்தான் ஆகவேண்டும். மணிக்குக் கட்டுப்படாமல், மூச்சு வாங்காமல், மறுப்புரைக்கு இடமே தராமல் ஒரே சுரத்தில் பேசிக்கொண்டிருக்கும் எதிரி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது முன்னறையில், கணப்படுப்புக்குப் பக்கத்தில், அக்காவின் மேசைமீது குடியிருந்தது.

அது ஒரு கணினி. வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு வந்து, விடுமுறை முடிந்ததும் விட்டுவிட்டுப் போனது. பாண் ரொட்டியின் நிறத்தில் ஒரு பெட்டி. அதன்மேல் பச்சை எழுத்துகள் ஒளிரும் ஒரு திரை. வால்போல நீண்ட வயரின் முனையில் விசைப்பலகை. பெட்டியின் முதுகில் ஒரு சிறிய விசிறி. அந்த விசிறிதான் நான் சொன்ன எதிரி.

நாங்கள் இருந்தது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டில். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர். தொழிற்சாலையைத் தோட்டத்தில் எல்லாரும் ‘ஸ்டோர்’ என்பார்கள். நானோ அக்காலத்தில் பாடசாலைத் தமிழ் மன்றத்தின் முதற் பேச்சாளன். மாகாணப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். குரலை அடிவயிற்றிலிருந்து எழுப்பவும், வாக்கியத்தின் உச்சியில் ஒரு கணம் நிறுத்தி அவையைத் தவிக்கவிடவும் முறைப்படி பயின்றவன். ஆனால் அந்த நிறுத்தத்தின் அழகு அமைதியில்தான் இருக்கிறது. “அவையோரே, நாம் உறங்கிக்கொண்டிருக்கிறோமா?” என்று கேட்டுவிட்டு நான் நிறுத்துவேன். அந்தப் பெட்டி “ம்ம்ம்ம்” என்று பதில் சொல்லும். எதற்கும் ‘ம்’ கொட்டும் அவையின் முன்னால் எந்த உண்மையை நிலைநாட்டுவது?

“அக்கா, இதைக் கொஞ்சம் நிறுத்து.”

“நீ கொஞ்சம் நிறுத்து. உன் சத்தத்துல எனக்குத் தட்டுறது தப்புது.”

“நான் பேசுவது இலக்கியம்.”

“அது பேசுறது எனக்குச் சோறு.”

அக்கா சொன்னது உண்மை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அவள், பெட்டியோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியின் துணையோடு ஒவ்வொரு பக்கமாகக் கடந்து, அந்த இயந்திரத்தை வசப்படுத்தியிருந்தாள். பதுளையில் ஒரு கணினி வகுப்புத் தொடங்குவது அவள் திட்டம். வகுப்புக்கு அறை வேண்டும். இளம்பெண் ஒருத்தி, பெயர் தெரியாத பெட்டி ஒன்று, இவை இரண்டையும் நம்பி அறை தர பதுளையில் எவரும் முன்வரவில்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி; அண்ணன் என்ற பொருளில் எல்லாருக்கும் அவர் ‘நானா’. தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் குடும்பம் முழுவதும் அவருடைய கடைத் துணியில்தான் புதிதாகும். கடைக்கு மேலே ஓர் அறை அவருக்குக் காலியாக இருந்தது. அவரிடம் ஒரு நிபந்தனையும் இருந்தது.

“மகள், ரூம் சும்மாதான் ஈக்குது. ஆனா முந்தி ஒரு தையல் கிளாஸுக்குக் குடுத்தேன். மேல நாள் முழுக்கத் தடதடண்டு மெஷின். நான் கீழ துணி அளக்க ஏலாது, எண்ணிக்கை தப்பும். ஒரு கலியாண வீட்டுக்கு வெட்டிக் குடுத்த துணியில மாப்பிளை ஊருக்கே சட்டை தச்சிட்டாங்க” என்றார். “ஒங்கட மெஷின் சத்தம் போடாதுண்டா கொண்டு வாங்க. மேல அது ஓடட்டும். கீழ நான் ஒரு கட்டுத் துணி அளக்குறேன். எண்ணிக்கை தப்பாம முடிஞ்சா, சாவி ஒங்களுக்கு.”

அப்பாவும் அதையே இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார். “சாவி கிடைச்சா வகுப்பை நடத்து. கிடைக்கலேன்னா மெஷினை மாமாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, தோட்டத்து ஆபீசுல டைப் அடிக்க எழுதிப் போடு.”

“கிளாக்கர் சொல்லச் சொல்ல அடிக்கிறதுக்கா நான் இவ்வளவும் படிச்சேன்?” என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது கோபமல்ல, அச்சம். அந்த அச்சத்தைக் கேட்டபின்புதான் அவளுடைய வழக்கை என் வழக்காக எடுத்துக்கொண்டேன். வீடு அமைதியானால் என் பயிற்சிக்கும் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. பொதுநலமும் தன்னலமும் ஒரே வண்டியில் போக முடியுமென்றால் தனித்தனியாக டிக்கெட் எடுப்பானேன்?

சிக்கல் எங்கே என்றால், சத்தமும் வெப்பமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் இரட்டையர்கள். விசிறி சுழன்றால் பெட்டி குளிர்ந்தது, ஆனால் இரைந்தது. எதையாவது மூடி இரைச்சலை அடக்கினால் உள்ளே கொதித்தது. கொதித்தால் திரையில் பச்சை எழுத்துகள் நின்ற இடத்தில் நின்று உறைந்துபோயின. போதாக்குறைக்கு, அந்த இயந்திரத்துக்கு ஏற்ற மின்சாரத் துளை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கணப்படுப்பை ஒட்டிய சுவரில். நெருப்பின் மடியில் உட்கார வைத்துவிட்டு, ஏன் சுடுகிறது என்று கவலைப்பட்ட குடும்பம் எங்களுடையது.

“அம்மா, அடுப்பை மூட்டாம இருந்தா என்ன?” என்று அக்கா கேட்டாள்.

“அதுக்குக் குளிரட்டும்னு நான் விறைச்சுச் சாகணுமா?” என்றாள் அம்மா. அடுப்பு வழக்கம்போல் எரிந்தது.

முதலில் ஜன்னலைத் திறந்தோம். அப்புத்தளையில் ஜன்னலைத் திறப்பது காற்றுக்கு விடுக்கும் அழைப்பல்ல. மூடுபனிக்கு விடுக்கும் அழைப்பு. கூப்பிட்ட மரியாதைக்கு ஓர் எட்டு வந்துவிட்டுப் போகும் விருந்தாளியா அது? உள்ளே வந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கணினியின்மேல் படுத்துக்கொண்டது. பெட்டி குளிர்ந்தது. திரையில் நீர் வழிந்தது. அம்மா ஓடிவந்து குடையை விரித்து அதன்மேல் பிடித்தாள்.

“நனையுது பாருங்க, பாவம்.”

குடைக்குக் கீழே கணினியும், கணினிக்கு முன்னால் ஸ்வெட்டர் அணிந்த அக்காவும், பின்னால் கை வலிக்க நின்ற அம்மாவும் கோவில் ஊர்வலம்போல இருந்தார்கள். மேளம் மட்டும்தான் குறை. அதையும் விசிறி ஈடுசெய்தது.

அடுத்து அம்மாவின் யோசனைப்படி கம்பளி வந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் கனத்த கறுப்புக் கம்பளி. அதைப் போர்த்தியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் கிழவரைப்போல், கூன் விழுந்த உருவமாய்ப் பெட்டி காட்சி தந்தது. அந்த அமைதியில் நான் எழுந்து நின்று, “அவையோரே, நாம் உறங்கிக்கொண்டிருக்கிறோமா?” என்றேன். கிழவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்குள் அக்கா அலறினாள். எழுத்துகள் உறைந்துவிட்டன. கம்பளியைத் தூக்கினால் உள்ளே இருந்து வந்த சூட்டில் கடலை வறுக்கலாம்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, வாசலில் நின்றபடியே நிலைமையை ஆராய்ந்தார். பிறகு உள்ளே வந்து, புறங்கையை வைத்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். கொழுந்தின் பக்குவத்தை வாழ்நாள் முழுவதும் கையாலும் மூக்காலும் அறிந்தவர் அவர்.

“இதுக்கு ஸ்டோர் முறைதான் சரி” என்றார்.

“அப்பா, இது இலை இல்லப்பா.”

“எல்லாம் இலைதாம்மா. காத்து உள்ள போகணும், ஈரம் வெளிய போகணும், கருகக் கூடாது. வேற என்ன இருக்கு இதுல?”

சாயந்தரம் ஒரு தேயிலைப் பெட்டி வந்து சேர்ந்தது. பலகையால் செய்து, விளிம்புகளில் தகரம் அடித்து, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பெட்டி. எங்கள் தோட்டத்துத் தேயிலை கடல் கடந்து போவது இதில்தான். கணினி அதற்குள் கச்சிதமாக அமர்ந்தது. மூடியின்மேல் திரை, ஒரு துளை வழியே விசைப்பலகையின் வால். ஆனால் வெள்ளித்தாளில் பட்டுத் திரும்பிய இரைச்சல் முன்னிலும் மெருகேறி வந்தது. நல்ல மண்டபத்தில் நல்ல பேச்சாளனுக்கு நேர்வது அந்தப் பெட்டிக்கும் நேர்ந்தது. அப்பா சளைக்கவில்லை. சத்தத்தையும் ஈரத்தையும் ஒருசேரக் குடிக்கக்கூடிய பொருள் தேயிலையைத் தவிர உலகில் எதுவுமில்லை என்று அறிவித்தார். வீட்டுக்கென்று மாதாமாதம் கிடைக்கும் தேயிலை சிறுசிறு தலையணைகளுக்குள் போய், பெட்டியின் சுவர்களில் அடுக்கப்பட்டது.

“வீட்டுத் தேயிலையெல்லாம் மெஷினுக்குக் குடுத்துட்டு நாம என்னத்தக் குடிக்கிறது?” என்றாள் அம்மா, தலையணைகளைத் தைத்துக்கொண்டே.

“குடுக்கலைம்மா. கடனா வைக்கிறோம்” என்றார் அப்பா.

வியப்பு என்னவென்றால், அது பலித்தது. பெட்டிக்குள் ஒரு பூனை உறங்குவதைப்போல மெல்லிய மூச்சு மட்டுமே கேட்டது. அடுத்த நாள் அம்மா ஒரு தலையணையைப் பிரித்துத் தேநீர் ஊற்றினாள். மூடுபனி ஈரத்தில் நமத்துக் கிடந்த தேயிலை, கணினியின் சூட்டில் முறுகி, புதுத்தூள்போல மணத்தது. அப்பா ஒரு மிடறை வாயில் வைத்து, உருட்டி, கண்ணை மூடினார். ஸ்டோரில் மட்டுமே அவர் காட்டும் முகம் அது.

“நல்ல உலர்ச்சி” என்றார்.

அந்த ஒரு சொல்தான் அக்காவைக் கவிழ்த்தது. ஏனென்றால் அப்புத்தளையில் எதுவும் உலராது. உப்பு அழும், தீப்பெட்டி தீப்பற்றாது, அப்பளம் துணிபோல மடியும். உலர்த்தும் வல்லமையுள்ள ஒரு பொருள் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த அம்மாதான் சும்மா இருப்பாள்? இரண்டொரு நாளில் எழுத்துகள் மறுபடி உறையத் தொடங்கின. அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். தீப்பெட்டிகள், உப்புச் சிரட்டை, ஒரு கட்டு அப்பளம், என் காலுறைகள்.

“அம்மா! விசிறிக்கு முன்னால சப்பாத்து மேஸ்!”

“தம்பி பேச்சுப்போட்டிக்கு ஈர மேஸோடயா போவான்?”

நான் தலையிட்டுச் சமரசம் பேசினேன். காலுறைகளுக்கு மட்டும் விலக்குக் கேட்டேன். என் வாதம் எடுபடவில்லை. எல்லாம் வெளியேற்றப்பட்டன. அப்படியும் சூடு முழுவதும் தணியவில்லை. அப்பா தினமும் வந்து பெட்டியை மோந்தார். தேயிலை இளமணமாக இருக்கும்வரை பயமில்லை. வறுத்த மணம் தூக்கினால் அக்கா கையை எடுத்துவிட வேண்டும் என்று விதித்தார். நாங்கள் அறிந்தவரை, மூக்கைக் கொண்டு வெப்பம் அளக்கப்பட்ட கணினி அது ஒன்றுதான்.

“சூட்டுக்காத்து வெளிய போறதுக்கு வழி இல்ல” என்று ஒருநாள் அப்பா கண்டறிந்தார். “ஸ்டோர்ல நாங்க காத்தைத் துணிக்குழாய் வச்சுத்தான் கொண்டு போவோம்.”

வீட்டில் துணிக்குழாய் ஏது? இருந்தது. அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டை. அதன் இடுப்பைப் பெட்டியின் முதுகில் விசிறி இருக்கும் பக்கமாக ஆணியடித்து, இரண்டு கால்களையும் ஜன்னல் வழியே வெளியே விட்டார். பனி உள்ளே ஏறிவிடாதிருக்க அம்மா கால்நுனிகளைச் சுருக்கித் தைத்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் விட்டாள். அக்கா சுவிட்சைப் போட்டாள். கால்சட்டை பெருமூச்சு விட்டது. மெதுவாக உப்பியது. தொடை திரண்டது, முழங்கால் உருண்டது, கெண்டைக்கால் எழுந்தது. மலைமுகட்டுக் காற்று வந்து அதை இடமும் வலமும் உதைக்க வைத்தது.

அக்கா வெகுநேரம் தட்டினாள். எழுத்துகள் உறையவில்லை. அவள் முகத்தில் முதன்முறையாகப் பதுளையின் மேல்மாடி அறை தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. காலைப் பனி இன்னும் விலகவில்லை. அவ்வழியே வந்த தோட்டத்து வாச்சர், எங்கள் வீட்டு ஜன்னலில் தலை உள்ளேயும் கால்கள் வெளியேயுமாக ஒருவன் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும் திருடனுக்கு அவருடைய உத்தியோகத்தில் ஒரே சிகிச்சைதான். பாய்ந்து வந்து இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்தார்.

“வசமா மாட்டினியா! வாடா வெளிய!”

உள்ளே தேயிலைப் பெட்டி ஜன்னலை நோக்கி நகர்ந்தது. திரை ஆடியது. “ஐயோ, இழுக்காதீங்க! இழுக்காதீங்க!” என்று அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டாள். வெளியே வாச்சரின் பிடி இறுக இறுக, திருடனின் கால்கள் அவர் கைக்குள்ளேயே மெலிந்து, சுருங்கி, ஒன்றுமில்லாமல் போயின.

“ஐயா! இவனுக்கு எலும்பே இல்லீங்க!”

சத்தம் கேட்டு அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வாசலுக்கு வந்தார். வாச்சர் அப்பாவைப் பார்த்தார். கையிலிருந்த காக்கியைப் பார்த்தார். தோட்டம் முழுவதும் அறிந்த கால்சட்டை அது. பின்பக்கத்து ஒட்டு உட்பட.

“ஐயா... நீங்க அங்கேயா இருக்கீங்க? அப்ப இது யாருங்க?”

“அதுவும் நான்தான். விடு” என்றார் அப்பா.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூட்டம் ஒன்று பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தது. “டீமேக்கர் ஐயா ஜன்னல்ல காயப் போட்டிருக்காரு, வந்து பாருங்கடி!” என்று ஒருத்தி கூவினாள். வாச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தான் விட்டபிறகு கால்கள் மறுபடி உப்பி எழுவதைப் பார்த்துவிட்டு, நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த வாரம் நானாவின் சோதனை. அப்பாவும் அக்காவும் நானும், தேயிலைப் பெட்டியும், திரையும், மடித்த கால்சட்டையுமாக ரயில் ஏறினோம். அப்பா வழி நெடுகப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஓடாத இயந்திரத்தையும் பழக்கதோஷத்தில் மோந்தார். அப்புத்தளையில் ஸ்வெட்டரோடு ஏறிய நாங்கள் பதுளையில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அக்காவின் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. மலையின் குளிரில் தேறிய ஏற்பாடு, பள்ளத்தாக்கின் புழுக்கத்தில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, தாக்குப்பிடிக்குமா?

நானா அறையைத் திறந்துவிட்டுக் கீழே போனார். போகுமுன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது தேயிலைப் பெட்டியெல்லே?”

“ஆமாங்க நானா.”

“இது களிசானெல்லே?”

“ஆமாங்க.”

“மேல ஈக்குறது டீவி. கொம்பியூட்டர் எங்க?”

“உள்ள இருக்குங்க.”

“சரி. ஒங்கட விசயம்” என்று மேலும் விசாரிக்காமல் இறங்கினார். நல்ல வியாபாரி உறையைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டார்.

தெருவைப் பார்த்த ஜன்னல் வழியே கால்சட்டையின் கால்களை வெளியே விட்டோம். அவை கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே இறங்கின. அக்கா சுவிட்சைப் போட்டாள். பூனை உறங்கத் தொடங்கியது. அப்பா கடைக்குள் நானாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கீழிருந்து நானாவின் குரல் படிக்கட்டு வழியே தெளிவாக வந்தது. அவர் ஒன்று என்று சொல்லித் தொடங்கமாட்டார். பழைய வியாபாரிகளின் வழக்கப்படி முதல் அளவைக்கு ‘லாபம்’ என்பார்.

“லாபம்... ரெண்டு... மூணு...”

அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். அங்கே எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக நின்று மேலே பார்த்தார்கள்.

“அந்தா, ஒரு ஆளு தொங்குறான்!”

“விழப்போறான், விழப்போறான்!”

“அண்ணே, கையை விட்டுறாதீங்க! ஏணி கொண்டாறோம்!”

கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தோடு கூச்சலும் சேர்ந்தது. கீழே ‘ஏழு’ என்ற குரல் தயங்குவதை நான் கேட்டேன். அக்காவின் எதிர்காலம் அந்தத் தயக்கத்தில் ஊசலாடியது. என்னைப் போன்ற ஒருவன் வேறென்ன செய்வான்? ஆரவாரிக்கும் அவையை அடக்குவதற்காகவே ஆண்டுக்கணக்கில் பயின்றவன் நான். ஜன்னலுக்கு வெளியே மார்பளவு நீட்டி, உப்பிய இரண்டு காக்கிக் கால்களுக்கு நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பினேன்.

“பதுளை மாநகரின் பெருங்குடி மக்களே! அமைதி! அமைதி என்பது வாயின் வறுமையல்ல, அறிவின் செல்வம்! இங்கே தொங்குவது மனிதனல்ல! மனிதகுலத்தின் எதிர்காலம்! அதற்கு ஏணி தேவையில்லை. உங்கள் மௌனம் ஒன்றே போதும்!”

இன்றும் சொல்வேன், அது நல்ல தொடக்கம். கூட்டம் வாயடைத்து நின்றது. தெருவே ஓய்ந்தது. கடைவீதியின் கோடியில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. அந்தப் பேரமைதியில்தான் நான் கவனித்தேன்: கீழே எண்ணும் குரலும் ஓய்ந்திருந்தது.

படிக்கட்டு அதிர்ந்தது. நானா அளவுகோலோடு மேலே வந்தார், பின்னால் அப்பா.

“என்ன மகள் இது! இந்த மெஷின் தமிழும் பேசுமா? சொல்லவே இல்லியே! தையல் மெஷின் பரவாயில்ல போல ஈக்குதே!”

“அது மெஷின் இல்லீங்க நானா” என்றாள் அக்கா. அவள் கண்கள் கலங்கியிருந்தன. “அது என் தம்பி.”

நானா என்னை நோக்கினார். பெட்டியருகே போய்க் காதை வைத்துக் கேட்டார். மறுபடி என்னை நோக்கினார்.

“இவரை நிப்பாட்ட ஒரு பட்டன் வைக்கலியா?”

அப்பா கைகளைப் பிசைந்தார். “இன்னொரு தடவை அளந்து பாருங்க நானா. பிள்ளை ரொம்ப நாளாப் பாடுபட்டிருக்கு.”

நானா யோசித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். “சரி. ஆனா தம்பி என்னோட கீழ வரணும். துணியோட இந்த நுனியை அவர் புடிச்சிக்கணும். வாயைத் தொறந்தா அதோட முடிஞ்சுது.”

இவ்வாறாக, மாகாண மேடைக்கெனத் தயாரிக்கப்பட்ட ஒரு நாவு, ஒரு கட்டு வெள்ளைத் துணியின் நுனியோடு சேர்த்துக் கட்டப்பட்டது. “லாபம்” என்று நானா தொடங்கினார். எண்ணிக்கை சீராகப் போயிற்று. தெருவில் கூட்டம் என் முதல் உரையின் தாக்கத்தில் இன்னும் ஊமையாகவே நின்றது. இதை எவரும் எனக்குச் சாதகமாகப் பதிவு செய்யவில்லை. மேலே அக்காவின் விரல்கள் தட்டும் மெல்லிய ஒலி. பாதித் துணி முடிந்தது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. முதலில் இளமணமாக இருந்த தேயிலை, மெதுவாக வறுத்த வாடையாக மாறத் தொடங்கியது. கூடவே இன்னொரு மணம்: அப்பளம். அம்மா எங்கோ ஒரு மூலையில் மறுபடி ஒரு கட்டைச் செருகியிருக்கிறாள். அப்பாவின் மூக்கு விடைத்தது. மேலே எழுத்துகள் உறைந்தால் எல்லாம் முடிந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து கடைவாசல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பதுளையில் மலைமுகட்டுக் காற்று இல்லை. உதைக்க ஆளில்லாத கால்சட்டை, பெயர்ப்பலகையின் விளிம்பில் மடிந்து, முழங்காலில் முறிந்து தொங்கியது. மூச்சு அங்கே அடைபட்டிருந்தது. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் இல்லை. கையும் இல்லை, துணி இருந்தது. மேடையில் அங்க அசைவு சொல்லுக்குத் துணை நிற்பது என்றுதான் எனக்குக் கற்பித்திருந்தார்கள். சொல்லே இல்லாமல் அதைத் தனியே நடத்தவேண்டிய நிலை அன்று வந்தது. புருவத்தை உயர்த்தி அப்பாவைப் பார்த்தேன். கண்ணால் மேலே காட்டினேன். பிறகு ஒரு முழங்காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி நீட்டினேன்.

“தம்பிக்கு ஒண்ணுக்கு வருதோ?” என்று கேட்டுவிட்டு, நானா எண்ணிக்கை தப்பாமல் அடுத்த எண்ணுக்குப் போனார்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கடைவாசலில் சாய்த்து வைத்திருந்த தம் குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தார். குடையின் வளைந்த பிடியைப் பலகைக்கு மேலே செலுத்தி, தம் கால்சட்டையின் மடிந்த கால்களைத் தாமே தூக்கிப் பிடித்தார். கால்கள் உப்பி நிமிர்ந்தன. ஒரு கௌரவமான டீமேக்கர், கடைவீதியின் நடுவில், இரண்டாவது ஒரு தம்மைக் குடையால் தாங்கிக்கொண்டு வெயிலில் நின்றார். வறுத்த வாடை மெல்ல மெல்ல இளமணத்துக்குத் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். “முதலாளி, மேல தொங்குதே காக்கி, அந்தத் துணி இருக்கா? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கால்சட்டைக்கு வேணும். எவ்வளவு விறைப்பா நிக்குது!”

நானா எண்ணிக்கொண்டே அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அந்தக் கால்சட்டையின் வரலாற்றை விளக்க என்னைவிடத் தகுதியானவன் பதுளையில் இல்லை. நான் விளக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஆற்றிய பேச்சுகள் பல. ஆற்றாத பேச்சு அது ஒன்றே.

துணி முடிந்தது. நானா கட்டின்மேல் எழுதியிருந்த அளவைப் பார்த்தார். தம் எண்ணிக்கையைச் சொன்னார். இரண்டும் ஒன்றாக இருந்தன. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, படிக்கட்டின் பாதியில் நின்ற அக்காவின் கையில் போட்டார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள். பிறகு அப்பளம் பொரிந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

“ரெண்டு கண்டிஷன்” என்றார் நானா. “களிசான் அங்கேயே தொங்கணும். காக்கி நல்லா ஓடும் போல ஈக்குது. மத்தது, தம்பி மாடிக்கு ஏறக் கூடாது.”

“தொடக்கவிழாவுக்கு மட்டும்...” என்று நான் வாய் திறந்தேன்.

“ஏறக் கூடாது” என்று அக்காவும் அப்பாவும் நானாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவு ஒத்திசைவை நான் எந்தக் குழுப்பாடலிலும் கேட்டதில்லை.

நான் ஏறவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பவன் நான். வகுப்பின் தொடக்கநாளில் மேலே அக்கா தன் முதல் மாணவிகளை வரவேற்றுக்கொண்டிருந்தாள். என் வாழ்த்துரையைத் தெருவுக்கு எதிர்ப்புறம், ஒரு பேக்கரியின் படியில் நின்று ஆற்றினேன். ஜன்னலில் காக்கிக் கால்கள் நிமிர்ந்து நின்றன. அவற்றைத் தாங்க அப்பா ஒரு மூங்கில் கழியை நிரந்தரமாகக் கட்டியிருந்தார். பேக்கரிக்காரர் இரண்டு முறை என்னிடம் பாண் வேண்டுமா என்று கேட்டார். நான் வாக்கியத்தின் உச்சிக்குச் சென்று, முறைப்படி ஒரு கணம் நிறுத்தினேன். அந்த நிறுத்தத்தில், எதிர்ப்புறத்துக் கடையின் உள்ளிருந்து, பொறுமையிழந்த ஒரு குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது தெளிவாகக் கேட்டது:

“லாபம்...”

சாவி அக்காவின் முந்தானையில் பத்திரமாக இருந்தது. நான் தொடர்ந்து பேசினேன்.